நகராட்சியின் அதிகாரமும் நகரவாசியின் பேச்சுரிமையும்: அமெரிக்க விவாதம் குறித்த சந்தேகங்களும் விளக்கங்களும்

அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் மேரியன் என்று ஒரு சிற்றூர். மக்கள்தொகை 2,000-ஐத் தாண்டாது. 2023 ஆகஸ்ட் 11 அன்று அந்த ஊர்ப் போலீசார் ‘மேரியன் கவுன்ட்டி ரெக்கார்ட்’ என்ற உள்ளூர் வார இதழின் அலுவலகத்துக்குள் நுழைந்து, கணினிகளையும் செய்தியாளர்களின் கைப்பேசிகளையும் பறிமுதல் செய்தார்கள். இதழின் இணை உரிமையாளரான 98 வயது மூதாட்டியின் வீட்டையும் சோதனையிட்டார்கள். மறுநாள் அவர் இறந்துபோனார். சில நாள்களிலேயே, சோதனைக்குப் போதிய ஆதாரம் இல்லை என்று சொல்லி, கவுன்ட்டியின் அரசு வழக்கறிஞரே வாரன்ட்டைத் திரும்பப் பெற்றார். அக்டோபரில் அவ்வூர்க் காவல்துறைத் தலைவர் பதவி விலகினார்.

பேச்சுரிமைக்கு மிக வலுவான சட்டப் பாதுகாப்பு உள்ள நாடு என்று பெயரெடுத்த அமெரிக்காவில் இது எப்படி நடந்தது? பேச்சுரிமை என்றதும் நமக்கு அதிபரும் நாடாளுமன்றமும்தான் நினைவுக்கு வருகின்றன. ஆனால், குடிமக்கள் அன்றாடம் முகம்கொடுக்கும் அரசு நகராட்சிதான். தன்னை விமர்சிக்கும் கோடிக்கணக்கானவர்களை அதிபருக்குத் தெரியாது. உள்ளூர் மேயருக்கோ தன்னை விமர்சிப்பவரின் வீடு எந்தத் தெருவில் இருக்கிறது என்பதுவரை தெரியும். அதனால்தான் அமெரிக்கப் பேச்சுரிமைச் சட்டத்தின் பெரும்பகுதி சின்னஞ்சிறு ஊர்களில் கிளம்பிய வழக்குகளால் உருவானது. இது தொடர்பாகப் பரவலாக எழும் சந்தேகங்களுக்கான விளக்கங்கள் இங்கே:

1. சந்தேகம்: பேச்சுரிமையைப் பறிக்கும் சட்டத்தை நாடாளுமன்றம் இயற்றக் கூடாது என்றுதானே அமெரிக்க அரசமைப்பின் முதல் திருத்தம் சொல்கிறது? அது நகராட்சியை எப்படிக் கட்டுப்படுத்தும்?

நியாயமான கேள்வி. 1791-இல் முதல் திருத்தம் நடைமுறைக்கு வந்தபோது அது மத்திய அரசை மட்டும்தான் கட்டுப்படுத்தியது. பால்டிமோர் நகரம் மேற்கொண்ட சாலைப் பணிகளால் தன் படகுத்துறை மணல் மூடிப்போனது என்று ஒருவர் தொடுத்த வழக்கில், 1833-இல் உச்ச நீதிமன்றம் இதை வெளிப்படையாகவே சொன்னது: முதல் திருத்தத்தை உள்ளடக்கிய உரிமைகள் சாசனம் மாநிலங்களுக்கோ நகரங்களுக்கோ பொருந்தாது.

நிலைமையை மாற்றியது உள்நாட்டுப் போர். அடிமை முறை ஒழிந்த பிறகு, 1868-இல் வந்த 14-வது திருத்தம், உரிய சட்ட நடைமுறை இல்லாமல் எந்த மாநிலமும் ஒருவரின் சுதந்திரத்தைப் பறிக்கக் கூடாது என்றது. அந்தச் சுதந்திரத்துக்குள் பேச்சுரிமையும் அடங்கும் என்பதை 1925-இல் கிட்லோ வழக்கில் உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. நகராட்சிகள் மாநிலத்தின் அங்கங்கள் என்பதால், அன்றுமுதல் அவற்றுக்கும் அதே கடிவாளம்.

உரிமை மீறப்பட்டால் வழக்குத் தொடுக்க 1871-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று கைகொடுக்கிறது. கறுப்பின மக்கள்மீது கு க்ளக்ஸ் கிளான் அமைப்பு நடத்திய வன்முறையை ஒடுக்கக் கொண்டுவரப்பட்ட சட்டம் அது. நகராட்சி நிர்வாகத்தின் மீதே அச்சட்டத்தின்கீழ் வழக்குப் போட்டு நஷ்டஈடு கேட்கலாம் என்று 1978-இல் தீர்ப்பானது. வென்றவருக்கு வழக்கறிஞர் கட்டணத்தையும் நகராட்சியே தரும்படி உத்தரவிட 1976-ஆம் ஆண்டுச் சட்டம் வழிசெய்கிறது. சாமானியர் ஒருவர் ஊராட்சியை எதிர்த்து உச்ச நீதிமன்றம்வரை போக முடிவதற்கு இந்த இரண்டும் முக்கியக் காரணங்கள்.

2. சந்தேகம்: அமெரிக்க உள்ளாட்சிகளுக்கு அப்படி என்ன பெரிய அதிகாரம் இருக்கிறது?

கவுன்ட்டி, நகரம், டவுன், பள்ளி வாரியம், நீர்வள வாரியம் என்று ஏறத்தாழ 90,000 உள்ளாட்சி அமைப்புகள் அமெரிக்காவில் இயங்குகின்றன. சொத்து வரி, பள்ளிக்கூடம், நூலகம், பூங்கா, சாலை, கட்டட அனுமதி எல்லாம் பெரும்பாலும் இவற்றின் கையில். இன்னொரு முக்கிய வேறுபாடும் உண்டு. நம் நாட்டில் காவல்துறை மாநில அரசின்கீழ் இருக்கிறது. அங்கே பெரும்பாலான ஊர்களில் காவல்துறை நகராட்சியின் ஒரு துறை. மேயரையோ நகர நிர்வாகியையோ விமர்சிப்பவரைக் கைதுசெய்யும் காவலர், அவர்களிடமே சம்பளம் வாங்குகிறவராக இருப்பார்.

ஆனாலும் இந்த அதிகாரம் இரவல் அதிகாரம்தான். மாநிலச் சட்டம் வெளிப்படையாகக் கொடுத்த அதிகாரமும், அதற்கு இன்றியமையாத அதிகாரமும் மட்டுமே நகரத்துக்கு உண்டு என்று 1868-இல் ஐயோவா மாநில நீதிபதி ஜான் டில்லன் வகுத்தார். ‘டில்லன் விதி’ என்று அது இன்றும் வழங்குகிறது. 1875-இல் மிசௌரி தொடங்கிவைத்த தன்னாட்சி முறையைப் பின்பற்றி, பல மாநிலங்கள் நகரங்களுக்குக் கூடுதல் உரிமை கொடுத்தன. ஆனால், நினைத்தால் நகரத்தின் எல்லையை மாற்றவும் அதிகாரத்தைப் பறிக்கவும் மாநிலத்தால் முடியும் என்று 1907-இல் பிட்ஸ்பர்க் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2023-இல் டெக்சாஸ் மாநிலம் பல துறைகளில் நகரங்கள் விதி இயற்றவே முடியாதபடி சட்டம் கொண்டுவந்தது. ஆக, உள்ளாட்சி இரண்டு பக்கமும் கட்டுப்பட்டது: மேலே மாநிலம், எதிரே குடிமக்களின் அடிப்படை உரிமை.

3. சந்தேகம்: தெருவில் நோட்டீஸ் கொடுக்க நகராட்சியிடம் அனுமதி வாங்க வேண்டுமா?

வேண்டியதில்லை. ஜார்ஜியா மாநிலத்தின் கிரிஃபின் நகரில் எந்தப் பிரசுரத்தையும் விநியோகிக்க நகர நிர்வாகியின் எழுத்துபூர்வ அனுமதி தேவை என்று விதி இருந்தது. யெகோவாவின் சாட்சிகள் பிரிவைச் சேர்ந்த ஒரு பெண் அனுமதி கேட்காமலே துண்டுப் பிரசுரம் கொடுத்தார். 50 டாலர் அபராதம், கட்டாவிட்டால் 50 நாள் சிறை என்று தண்டனை விதிக்கப்பட்டது. 1938-இல் உச்ச நீதிமன்றம் அந்த விதியை ஒருமனதாக ரத்துசெய்தது. அச்சுரிமை நாளிதழ்களுக்கு மட்டும் உரியதல்ல, துண்டுப் பிரசுரங்களுக்கும் உரியது என்பது தீர்ப்பின் சாரம்.

தெரு குப்பையாகிறதே என்று நகரங்கள் அடுத்து வாதாடின. குப்பை போடுகிறவரைத் தண்டியுங்கள், நோட்டீஸ் கொடுப்பவரை அல்ல என்று 1939-இல் பதில் வந்தது. ஒஹாயோ மாநிலத்தில் 300 பேர்கூட வசிக்காத ஸ்ட்ராட்டன் கிராமம், வீடு வீடாகச் சென்று பிரச்சாரம் செய்ய மேயர் அலுவலகத்தில் பெயர் பதிய வேண்டும் என்றது. 2002-இல் அதுவும் செல்லாமல் போனது. பக்கத்து வீட்டாரிடம் பேசுவதற்கு முன்பு அரசாங்கத்திடம் பெயரைச் சொல்ல வேண்டும் என்பதைச் சுதந்திரச் சமூகம் ஏற்க முடியாது என்று நீதிமன்றம் கருதியது.

4. சந்தேகம்: அப்படியானால் ஊர்வலத்துக்கும் அனுமதி தேவையில்லையா?

ஊர்வலத்துக்கு அனுமதி முறை வைத்துக்கொள்ளலாம். சாலை எல்லோருக்கும் பொது. ஆம்புலன்ஸும் போக வேண்டும், ஒரே மணிக்கு இரண்டு ஊர்வலங்கள் மோதிக்கொள்ளவும் கூடாது. எனவே நேரம், இடம், முறை ஆகியவற்றை நகராட்சி ஒழுங்குபடுத்தலாம் என்று 1941-இல் நியூ ஹாம்ப்ஷயரின் மான்செஸ்டர் நகர வழக்கில் தீர்ப்பளிக்கப்பட்டது. காதைப் பிளக்கும் ஒலிபெருக்கி வாகனங்களை டிரென்டன் நகரம் தடைசெய்ததும் 1949-இல் ஏற்கப்பட்டது.

ஒழுங்குபடுத்தலாமே தவிர, பேச்சின் உள்ளடக்கத்தைப் பார்த்து அனுமதி தரவோ மறுக்கவோ கூடாது. ஜெர்சி சிட்டியை முப்பது ஆண்டுகள் ஆண்ட மேயர் ஃபிராங்க் ஹேக், தொழிற்சங்கத்தினர் கூட்டம் போட அனுமதி மறுத்தார்; அமைப்பாளர்களை ஊரைவிட்டே வெளியேற்றினார். தெருக்களும் பூங்காக்களும் நெடுங்காலமாகவே மக்கள் கூடிப் பேசும் பொதுவெளிகள், அவை மேயரின் சொத்தல்ல என்ற கொள்கை 1939-இல் அந்த வழக்கில்தான் பிறந்தது.

அதிகாரியின் இஷ்டத்துக்கு விட்டால் என்ன ஆகும் என்பதற்கு அலபாமாவின் பர்மிங்ஹாம் சாட்சி. பொது நலம், அமைதி, ஒழுங்கு, ஒழுக்கம், வசதி என்று எதைக் காட்டியும் ஊர்வலத்தை மறுக்கலாம் என்பது அந்நகரின் விதி. 1963 புனித வெள்ளியன்று 52 பேர், அனைவரும் கறுப்பினத்தவர், தேவாலயத்திலிருந்து கிளம்பி நடைபாதையில் அமைதியாக நடந்தார்கள். நான்கு தெருக்கள் தாண்டியதும் கைது. பாதிரியார் ஃபிரெட் ஷட்டில்ஸ்வொர்த்துக்கு 90 நாள் கடுங்காவல். அபராதத்தைக் கட்டாவிட்டால் மேலும் 48 நாள். அவருடைய தரப்பு முன்னரே அனுமதி கேட்டிருந்தது. ஊர்வலம் போனால் சிறைக்குத்தான் போவீர்கள் என்பது, நகரின் பாதுகாப்பு ஆணையராக இருந்த ‘புல்’ கானரின் பதில். திட்டவட்டமான அளவுகோல் இல்லாத அனுமதி முறை செல்லாது என்று 1969-இல் உச்ச நீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது.

5. சந்தேகம்: தவறான விதியை மீறினால் தண்டனை கிடையாது என்று எடுத்துக்கொள்ளலாமா?

இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். மேலே சொன்ன அதே ஊர்வலத்துக்காக மார்ட்டின் லூதர் கிங்கும் தண்டிக்கப்பட்டார். அந்தத் தண்டனை நிலைத்தது. காரணம், நகர நிர்வாகம் ஊர்வலத்துக்கு எதிராக மாநில நீதிமன்றத்தில் தடையாணையும் வாங்கியிருந்தது. நகராட்சி விதி அரசமைப்புக்கு விரோதமானது என்று கருதினால், மீறிவிட்டுப் பிறகு நீதிமன்றத்தில் வாதாடலாம். ஆனால், நீதிமன்ற ஆணை தவறாகவே இருந்தாலும், மீறுவதற்கு முன் மேல்முறையீடு செய்திருக்க வேண்டும் என்று 1967-இல் 5-க்கு 4 என்ற கணக்கில் உச்ச நீதிமன்றம் முடிவெடுத்தது. கிங் அதற்காகச் சிறை சென்றார்.

ஒரே நாள், ஒரே ஊர்வலம், இரண்டு வழக்குகள், எதிரெதிர் முடிவுகள். மேல்முறையீடு முடிவதற்குள் புனித வெள்ளியும் ஈஸ்டரும் கடந்துபோயிருக்கும் என்று அன்று எதிர்த் தரப்பு நீதிபதிகள் சொன்னதில் முழு நியாயம் இருக்கிறது. போராட்டத்துக்கு நாள் முக்கியம். தாமதிக்கப்பட்ட அனுமதி பல நேரங்களில் மறுக்கப்பட்ட அனுமதியே.

6. சந்தேகம்: வெறுப்பைப் பரப்புகிறவர்களுக்கும் இதே உரிமையா? இது ஊருக்குச் செய்யும் அநீதி இல்லையா?

இந்த விவாதத்திலேயே மிகக் கடினமான கேள்வி இது. சிகாகோவை ஒட்டியுள்ள ஸ்கோக்கியில் 1977-இல் சுமார் 70,000 பேர் வசித்தார்கள். பாதிக்கு மேல் யூதர்கள். நாஜி முகாம்களிலிருந்து உயிர்தப்பி வந்தவர்கள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். அங்கே ஸ்வஸ்திகா கொடியுடன் ஊர்வலம் போக ஒரு நவ நாஜிக் கும்பல் கிளம்பியது. கிராம நிர்வாகம் மூன்று தடுப்புகளைப் போட்டது: 3,50,000 டாலர் மதிப்பில் காப்பீடு, இன வெறுப்பைத் தூண்டும் பிரசுரத்துக்குத் தடை, ராணுவ பாணிச் சீருடைக்குத் தடை. மூன்றும் நீதிமன்றங்களில் விழுந்தன. நாஜிகளுக்காக வாதாடிய குடிமை உரிமைகள் சங்கத்தின் வழக்கறிஞர் டேவிட் கோல்ட்பர்கர் ஒரு யூதர். நாஜிகளுக்காக வாதாடியதால் அந்தச் சங்கம் ஆயிரக்கணக்கான உறுப்பினர்களை இழந்தது. கடைசியில் நாஜிகள் ஸ்கோக்கிக்குப் போகவில்லை. 1978-இல் சிகாகோவில் கூட்டம் நடத்தினார்கள்.

இந்தியாவிலும் பல ஐரோப்பிய நாடுகளிலும் வெறுப்புப் பேச்சு தண்டனைக்குரிய குற்றம். அமெரிக்காவில், உடனடி வன்முறையைத் தூண்டும் நோக்கமும் அது நடந்துவிடும் வாய்ப்பும் இருந்தால்தான் பேச்சைத் தண்டிக்க முடியும் என்பது 1969 முதல் சட்டம். உண்மையான மிரட்டலுக்குப் பாதுகாப்பு இல்லை.

இதற்கு விலை உண்டு என்பதை மறைக்கக் கூடாது. 2017 ஆகஸ்டில் வெர்ஜீனியாவின் சார்லட்ஸ்வில் நகரம், வெள்ளை இனவாதிகளின் கூட்டத்தை வேறு பூங்காவுக்கு மாற்ற முயன்றது. எதிர்ப்பாளர்களின் அனுமதியைத் தொடாமல் இவர்களுடையதை மட்டும் மாற்றியதால், மத்திய நீதிமன்றம் அதைத் தடுத்தது. மறுநாள் இனவாதி ஒருவன் எதிர்ப்பாளர்கள்மீது காரை ஏற்றியதில் 32 வயதுப் பெண் ஒருவர் கொல்லப்பட்டார். பிறகு நகரமே அமைத்த விசாரணை, இரு தரப்பையும் பிரித்து நிறுத்தக் காவல்துறை சரியாகத் திட்டமிடவில்லை என்று கண்டது.

ஆனாலும் ஒன்றை யோசிக்க வேண்டும். ‘ஊரின் அமைதி கெடும்’ என்று ஸ்கோக்கி சொன்ன அதே காரணத்தைத்தான் பர்மிங்ஹாமும் கறுப்பின மக்களுக்கு எதிராகச் சொன்னது. எந்தப் பேச்சு ஆபத்தானது என்று முடிவுசெய்யும் அதிகாரத்தை உள்ளூர் நிர்வாகத்திடம் கொடுத்தால், நல்ல நிர்வாகத்திடம் மட்டும் கொடுக்க முடியாது.

7. சந்தேகம்: பாதுகாப்புச் செலவையாவது கூட்டம் நடத்துகிறவர்களிடம் வசூலிக்கலாமே?

ஜார்ஜியாவின் ஃபோர்சைத் கவுன்ட்டி அப்படித்தான் செய்தது. எவ்வளவு போலீஸ் தேவைப்படும் என்று கணித்து, நாள் ஒன்றுக்கு 1,000 டாலர்வரை கட்டணம் நிர்ணயிக்க அதிகாரிக்கு உரிமை தந்தது. 1992-இல் உச்ச நீதிமன்றம் இதை ரத்துசெய்தது. எதிர்ப்பு அதிகமிருக்கும் பேச்சுக்குத்தான் அதிகப் போலீஸ் தேவை. அப்படியானால் கட்டணம் பேச்சின் கருத்துக்கு விதிக்கப்படுகிறது என்றாகிவிடும். கல்லெறியப் போகிறவர்களின் கோபத்துக்குப் பேச்சாளர் பணம் கட்ட வேண்டியதில்லை. எல்லோருக்கும் ஒரே மாதிரியான நியாயமான விண்ணப்பக் கட்டணம் என்றால் தடையில்லை.

8. சந்தேகம்: என் வீட்டு வாசலில் நான் பலகை வைப்பதையும் நகராட்சி தடுக்க முடியுமா?

மிசௌரியின் லேடியூ நகரம் தடுக்கப் பார்த்தது. 1990 டிசம்பரில், வளைகுடாப் போர் மூளும் நேரத்தில், ஒரு பெண் தன் வீட்டு முன்புல்வெளியில் போருக்கு எதிராக ஒரு பலகை நட்டார். முதல் பலகை காணாமல் போனது. அடுத்ததை யாரோ சாய்த்துவிட்டார்கள். போலீசில் புகார் கொடுத்தால், பலகை வைப்பதே விதிமீறல் என்று பதில் வந்தது. பிறகு ஒரு தாள் அளவில், அமைதி வேண்டும் என்ற வாசகத்தை மாடி ஜன்னலில் ஒட்டினார். நகரம் புதிய விதி போட்டு அதையும் தடைசெய்தது. ஊரின் அழகு கெடுகிறது என்பது நகரத்தின் வாதம். 1994-இல் ஒருமனதாக அவர் வென்றார். பணமில்லாதவர் தன் கருத்தைச் சொல்ல மிகவும் மலிவான, தனித்துவமான வழி வீட்டுப் பலகை என்றது நீதிமன்றம்.

அரிசோனாவின் கில்பர்ட் டவுனில், தேர்தல் பலகை 32 சதுர அடிவரை பெரிதாக இருக்கலாம். வழிபாட்டுக்கு வழிகாட்டும் பலகையோ 6 சதுர அடிக்குள், நிகழ்ச்சிக்கு 12 மணி நேரம் முன்பிருந்து முடிந்த ஒரு மணி நேரம்வரை மட்டுமே இருக்கலாம். பலகையில் எழுதியிருப்பதைப் படித்துப் பார்த்து வேறுபடுத்தும் விதி என்பதால் 2015-இல் அது செல்லாததானது. அளவு, உயரம், வெளிச்சம் ஆகியவற்றை எல்லோருக்கும் சமமாகக் கட்டுப்படுத்துவதற்குத் தடையில்லை. கட்டடம் இருக்கும் இடத்திலேயே வைக்கும் விளம்பரத்தையும் வெளியிட விளம்பரத்தையும் வேறுபடுத்தலாம் என்று 2022-இல் ஆஸ்டின் நகர வழக்கில் தீர்ப்பானது.

9. சந்தேகம்: நகர மன்றக் கூட்டத்தில் பொதுமக்கள் எதையும் பேசலாமா?

1942-இல் ஓவியர் நார்மன் ராக்வெல் பேச்சுரிமையை வரைய நினைத்தபோது தேர்ந்தெடுத்த காட்சி ஓர் ஊர்க் கூட்டம்தான். வெர்மான்ட் மாநிலத்தின் ஆர்லிங்டன் ஊரில், எரிந்துபோன பள்ளியைப் புதிதாகக் கட்டினால் வரிச்சுமை கூடும் என்று ஒரு விவசாயி தனியாக எழுந்து எதிர்த்தார். யாருக்கும் அவர் கருத்தில் உடன்பாடில்லை. ஆனாலும் எல்லோரும் கேட்டார்கள். அந்தக் காட்சியே ஓவியத்துக்கு வித்திட்டது.

நடைமுறையில், ஒருவருக்கு மூன்று நிமிடம் என்பதுபோல் நேர வரம்பு வைக்கலாம். அன்றைய பொருளைப் பற்றி மட்டும் பேசச் சொல்லலாம். ஆனால், பாராட்டை அனுமதித்து விமர்சனத்தை மறுக்கக் கூடாது. மாசசூசெட்ஸின் சவுத்பரோ டவுன், பேசுவோர் மரியாதையாகவும் பண்பாகவும் பேச வேண்டும், தனிநபர் விமர்சனம் கூடாது என்று விதித்திருந்தது. 2018-இல் மன்றம் சட்டம் மீறியதைச் சுட்டிக்காட்டிய ஒரு பெண், வாக்குவாதம் முற்றியதும் தலைவரை ஹிட்லரோடு ஒப்பிட்டார். வெளியேற்றப்படுவீர்கள் என்று எச்சரிக்கப்பட்டார். பண்பு நல்லதுதான், ஆனால் அரசு அதைக் கட்டாயமாக்க முடியாது என்று 2023-இல் அம்மாநில உச்ச நீதிமன்றம் விதியை ரத்துசெய்தது. ஆட்சியாளர்களிடம் குறை சொல்லக் கூடும் உரிமை 1780-ஆம் ஆண்டு மாநில அரசமைப்பிலேயே இருக்கிறது என்று நினைவூட்டியது.

ஒரு குறையையும் சொல்லியாக வேண்டும். பேசும் உரிமை உண்டே தவிர, அதிகாரிகள் காதுகொடுத்துக் கேட்டே ஆக வேண்டும் என்ற அரசமைப்புக் கட்டாயம் இல்லை என்பது 1984-ஆம் ஆண்டுத் தீர்ப்பு.

10. சந்தேகம்: விமர்சிப்பவர்கள்மீது அதிகாரிகள் அவதூறு வழக்குப் போட்டால்?

அமெரிக்க அவதூறுச் சட்டத்தையே புரட்டிப்போட்ட வழக்கு, ஒரு நகர ஆணையர் தொடுத்ததுதான். 1960-இல் ‘நியூயார்க் டைம்ஸ்’ இதழில் கறுப்பின உரிமைப் போராட்டத்துக்கு ஆதரவு கேட்டு ஒரு விளம்பரம் வந்தது. அதில் சில பிழைகள்: கிங் நான்கு முறை கைதானதை ஏழு முறை என்றிருந்தது, மாணவர்கள் பாடிய பாட்டின் பெயரும் தவறு. மான்ட்கோமரி நகரின் காவல்துறைக்குப் பொறுப்பாக இருந்த ஆணையர் சல்லிவன் பெயர் அதில் எங்குமே இல்லை. இருந்தும் அவருக்கு 5,00,000 டாலர் நஷ்டஈடு தரச் சொன்னது உள்ளூர் ஜூரி. 1964-இல் உச்ச நீதிமன்றம் அதை ஒருமனதாகத் தள்ளியது. பொய் என்று தெரிந்தே, அல்லது உண்மையா என்ற அக்கறையே இல்லாமல் வெளியிட்டதை நிரூபித்தால்தான் பொது ஊழியர் வெல்ல முடியும்.

அவதூறு வழக்கு பலிக்காத இடத்தில் கைது கருவியாகிறது. டெக்சாஸின் காஸில் ஹில்ஸ் என்ற சிறு நகரில், நகர நிர்வாகியை நீக்கக் கோரும் மனுவுக்கு ஆதரவாக இருந்த 72 வயதுக் கவுன்சிலர் சில்வியா கொன்சாலஸ், அந்த மனுவைத் தன் கோப்பில் வைத்திருந்ததற்காக அரசு ஆவணத்தைச் சிதைத்த குற்றச்சாட்டில் சிறைக்கு அனுப்பப்பட்டார். அந்தப் பிரிவு இதுபோன்ற செயலுக்கு அந்த கவுன்ட்டியில் பயன்படுத்தப்பட்டதே இல்லை என்ற சான்றைக் கீழ் நீதிமன்றம் கருத்தில் கொள்ள வேண்டும் என்று 2024-இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது.

11. சந்தேகம்: அதிகாரி தன் பேஸ்புக் பக்கத்தில் என்னை ‘பிளாக்’ செய்தால் அது உரிமை மீறலா?

அவர் எந்தத் தகுதியில் பதிவிடுகிறார் என்பதைப் பொறுத்தது. மிச்சிகனின் போர்ட் ஹியூரன் நகர நிர்வாகி ஜேம்ஸ் ஃபிரீட், மகளின் படத்தையும் பைபிள் வசனங்களையும் நகராட்சிச் செய்திகளையும் ஒரே பக்கத்தில் பகிர்ந்துவந்தார். கொரோனா காலத்தில் குறை சொன்ன ஒருவரின் பின்னூட்டங்களை நீக்கி, அவரை பிளாக் செய்தார். 2024-இல் உச்ச நீதிமன்றம் ஒருமனதாக இரண்டு அளவுகோல்களை வகுத்தது: அரசின் சார்பில் பேசும் உண்மையான அதிகாரம் அவருக்கு இருக்க வேண்டும், அந்தப் பதிவில் அந்த அதிகாரத்தைத்தான் பயன்படுத்துகிறார் என்று தெரிய வேண்டும். இரண்டும் இருந்தால் பிளாக் செய்வது அரசின் செயல். வீட்டையும் அலுவலகத்தையும் ஒரே பக்கத்தில் கலக்கும் அதிகாரிக்கு இது எச்சரிக்கை.

12. சந்தேகம்: நகராட்சிக்கே சொந்தமாகக் கருத்துச் சொல்ல உரிமை இல்லையா?

உண்டு. பூங்காவில் எந்த நினைவுச் சின்னத்தை வைப்பது என்பது நகராட்சியின் சொந்தப் பேச்சு. ஒரு சமயப் பிரிவின் சின்னத்தை வைத்ததால் எல்லாப் பிரிவுக்கும் இடம் தர வேண்டியதில்லை என்று 2009-இல் யூட்டா மாநில வழக்கில் தீர்ப்பானது. ஆனால், பொதுமேடையைத் திறந்துவிட்டுப் பிறகு அது தன் குரல் என்று சொல்ல முடியாது. பாஸ்டன் நகரமன்றத்தின் முன்னுள்ள மூன்றாவது கொடிக்கம்பத்தில் 2005 முதல் 2017 வரை 284 முறை தனியார் விழாக்களுக்குக் கொடி ஏற்றப்பட்டது; யாரையும் மறுத்ததில்லை. ஒரு கிறிஸ்தவக் கொடியை மட்டும் மறுத்தபோது, 2022-இல் ஒன்பது நீதிபதிகளும் நகரத்துக்கு எதிராகவே தீர்ப்பளித்தார்கள். அதன்பின், மேயரோ மன்றமோ தீர்மானிக்கும் கொடிகள் மட்டுமே என்று பாஸ்டன் விதியை மாற்றிக்கொண்டது.

இந்தக் கொள்கை இன்று நூலகத்துக்குள் நுழைந்திருப்பது கவலைக்குரியது. டெக்சாஸின் லானோ கவுன்ட்டி தன் பொது நூலகத்திலிருந்து 17 புத்தகங்களை நீக்கியது. எந்தப் புத்தகத்தை வைப்பது என்பது அரசின் பேச்சு என்ற வாதத்தை 2025-இல் மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் ஒரு பகுதி நீதிபதிகள் ஏற்றார்கள்; நீக்கத்தை வாசகர் பேச்சுரிமையின் பெயரால் எதிர்க்க முடியாது என்று பெரும்பான்மை தீர்ப்பளித்தது. அந்த நீதிமன்றத்தின் எல்லைக்குட்பட்ட டெக்சாஸ், லூசியானா, மிசிசிப்பி மாநிலங்களில் இதுவே சட்டம். நூலகம் பலருடைய குரல்கள் கூடும் இடம். அதை ஆட்சியாளரின் ஒற்றைக் குரல் என்று கருதுவது பொதுநூலகத்தின் அடிப்படையையே அசைக்கிறது.

13. சந்தேகம்: மக்கள் தேர்ந்தெடுத்த மன்றத்தின் முடிவை நியமன நீதிபதிகள் ரத்துசெய்வது உள்ளூர் ஜனநாயகத்துக்கு எதிரானது இல்லையா?

உள்ளாட்சியின் பக்கம் நியாயம் இருக்கிறது. இரவில் தூங்க வேண்டியவர்கள், வீடு தேடி வரும் மிரட்டலுக்கு அஞ்சுகிறவர்கள், சாலையில் நெரிசலைச் சமாளிக்க வேண்டிய சிறு நிர்வாகங்கள் ஆகிய யாருடைய சிரமமும் பொய்யல்ல. தொலைவில் இருக்கும் நீதிபதிக்கு ஊரின் வலி தெரியாது என்ற மனக்குறை ஸ்கோக்கியில் உண்மையானது, சார்லட்ஸ்வில்லில் இன்னும் உண்மையானது. அதனால்தான் நேரம், இடம், ஒலியளவு, பலகையின் அளவு என்று ஒழுங்குபடுத்தப் போதிய இடத்தைச் சட்டம் விட்டுவைத்திருக்கிறது.

ஆனால், ஒரு மன்றத்துக்கு மக்களின் பெயரால் ஆளும் தகுதி எங்கிருந்து வருகிறது? அதை எதிர்ப்பவர்களும் பேசி, கேட்டு, பிறகு வாக்களிக்கிறார்கள் என்பதிலிருந்துதான். அந்தப் பேச்சை அடைத்துவிட்டால், அடுத்த தேர்தல் பழைய மன்றத்துக்குப் போடும் முத்திரையாகிவிடும். ஊர் சிறிதாக இருக்கும்போது ஆபத்து கூடுகிறது. அங்கே பத்திரிகை ஒன்றுதான் இருக்கும், சில இடங்களில் அதுவும் இருக்காது. காவலரும் அதிகாரியும் கடைக்காரரும் ஒருவரையொருவர் அறிந்தவர்கள். எதிர்த்துப் பேசுகிறவர் தனியாக நிற்பார்.

மேலே பார்த்த வழக்குகளில் வென்றவர்களில் பெரும்பாலோர் பிரபலங்கள் அல்லர். துண்டுப் பிரசுரம் கொடுத்தவர், ஜன்னலில் தாள் ஒட்டியவர், மன்றக் கூட்டத்தில் எழுந்து நின்றவர் ஆகியோரே அவர்கள். அவர்களுடைய பிடிவாதத்தால்தான், எங்கே, எப்போது, எவ்வளவு சத்தமாகப் பேசலாம் என்பதை நகராட்சி சொல்லலாம், என்ன பேசலாம் என்பதைச் சொல்லக் கூடாது என்ற எல்லைக்கோடு உருவானது. உள்ளாட்சிக்கு நிதியும் அதிகாரமும் கூட வேண்டும் என்று வாதிடுகிற நாம் எல்லோரும், அதே மூச்சில் அந்த எல்லைக்கோட்டுக்காகவும் வாதிட வேண்டும். விமர்சனத்துக்கு அஞ்சாத மன்றத்திடம்தான் அதிகாரத்தை நம்பி ஒப்படைக்க முடியும்.